குறட்டை யாருக்குச் சொந்தம்?

முகமூடி மாட்டித் தூங்குகிறவரின் குறட்டையைக் கருவி ஒட்டுக்கேட்கிறது. தொண்டை அடைபடத் தொடங்கும்போது எழும் அந்தச் சத்தத்தை உணர்ந்து காற்றழுத்தத்தைக் கூட்டுகிறது. சத்தம் அடங்கினால் குறைக்கிறது. இதற்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டால்?

பரிசோதகர் முதலில் பழைய ஆவணங்களைத் துழாவுவார். தூக்கத்தில் மூச்சடைப்புக்கு இந்தச் சிகிச்சையை 1981இல் அறிவித்தவர் சிட்னி டாக்டர் காலின் சல்லிவன். குறட்டை கேட்டு அழுத்தத்தை மாற்றும் கருவிக்கு, அவரைக் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிட்டு, 1993லேயே அமெரிக்கக் காப்புரிமை வந்துவிட்டது. ஆக, மைக்ரோபோன் வைத்தேன் என்றால் போதாது. குழாய்க்குள் எழும் எதிரொலியை வைத்தே முகமூடி எந்த வகை என்று கண்டுபிடிப்பது போன்ற புது உத்தி ஏதாவது வேண்டும்.

அதைத் தாண்டினால் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மறிக்கிறது. சிகிச்சை முறைக்கும் நோயறியும் முறைக்கும் உரிமை கிடையாது. வெறும் கணக்கீட்டு நிரலுக்கும் கிடையாது. கருவிக்கு உண்டு. எனவே விவரமான வழக்கறிஞர்கள் ஆரம்பத்திலேயே 'கருவி' என்று எழுதிவிடுகிறார்கள். (பரிசோதகர்களுக்கும் இது தெரியும்.) உடலுக்கு வெளியே செய்யும் சோதனையும் நோயறிதலாகலாம் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது வேறு.

வென்றால் 20 ஆண்டு ஏகபோகம்; விலையில் அது தெரியும். மனு பிரசுரமானபின், உரிமை வழங்கப்படும்வரை, யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் எதிர்க்கலாம். குறட்டை விடுகிறவரும்தான்.