அப்பாவோட ஸ்பீக்கருக்குப் புதுத் தோல்: வீட்டிலேயே வெனீர் ஒட்டின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை மாறாமல், படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

இன்னிக்கு நான் பேசப்போறது பாட்டைப் பத்தி இல்ல, பாட்டு வர்ற பெட்டியைப் பத்தி.

எங்க வீட்ல ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கு. அப்பா 1991-ல வாங்கினது. ஒவ்வொண்ணும் ரெண்டு அடி உயரம், கறுப்புத் துணி போட்ட முகம், பக்கவாட்டுல தேக்கு மாதிரி தெரியற ஒரு பிளாஸ்டிக் தாள். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல தண்ணி வந்தப்போ இது ரெண்டும் ஹால்ல தரையிலதான் நின்னுச்சு. வீட்டுக்குள்ள நாலு விரல் உயரம்தான் தண்ணி. ஆனா அது போதும். பெட்டியோட அடிப்பாகம் ஊறின பிஸ்கட் மாதிரி உப்பிப்போச்சு, தாள் சுருண்டு உரிஞ்சுது. அப்பா துடைச்சு, காய வெச்சு, லாஃப்ட்ல ஏத்திட்டார். அதுக்கப்புறம் வருஷாவருஷம் பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது அம்மா "இதைக் கடைக்குப் போட்டுடலாமா"ன்னு கேப்பாங்க, அப்பா பதில் சொல்லமாட்டார்.

போன வருஷம் நான் கீழ இறக்கினேன்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். வெனீர் ஒட்டினா சத்தம் நல்லாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வெனீர்ங்கறது நிஜ மரத்தைச் சீவி எடுத்த தாள். நான் வாங்கினது அரை மில்லிமீட்டர் கனம். பெட்டியோட பலகை பதினெட்டு மில்லிமீட்டர். காதுக்குத் தெரியற அளவுக்கு அது எதையும் மாத்தாது. அதனால பெட்டிக்கு அழகு பண்றதுக்கு முன்னாடி, ஸ்பீக்கர் பாடுதான்னு பாருங்க. ஊஃபரைச் சுத்தி இருக்கற வளையம் ஃபோமா இருந்தா, விரல் வெச்சாலே பொடிப்பொடியா உதிரும். அதை முதல்ல மாத்தணும். எங்களுது ரப்பர் வளையம், தப்பிச்சுது. உள்ள இருந்த ரெண்டு கெப்பாசிட்டர் மட்டும் போயிருந்துச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே மதிப்புல வாங்கி மாத்தினேன்.

இன்னொண்ணு. உங்க ஸ்பீக்கர்ல இருக்கறது ஏற்கெனவே நிஜ மரமான்னு பாருங்க. 1960, 70-கள்ல வந்த நல்ல ஸ்பீக்கர்கள் பலதும் வால்நட் வெனீர் போட்டே வந்துச்சு. அந்த மாதிரி கையில கிடைச்சா தேய்க்காதீங்க. ஈரத்துணியால துடைச்சு, கொஞ்சம் எண்ணெய் போட்டாலே முகம் தெளியும். நான் சொல்லப்போற வேலை எல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டின, உரிஞ்சுபோன பெட்டிக்குத்தான்.

சரி, கழட்டறது. ஒயரைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஃபோன்ல போட்டோ எடுத்துக்கங்க. பிளஸ் எது, மைனஸ் எதுன்னு டேப் ஒட்டி எழுதுங்க. ஒரு பக்கம் மாத்திக் கொடுத்துட்டா ரெண்டு ஸ்பீக்கரும் ஒண்ணுக்கொண்ணு எதிரா அசையும், பாஸ் காணாமப்போயிடும். அப்புறம், ஊஃபருக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு மெல்லிய கேஸ்கெட் இருக்கும். அது கிழிஞ்சா அலட்சியமா விடாதீங்க.

ஏன்னா, ஓட்டையே இல்லாத மூடின பெட்டியில காத்துதான் ஸ்பிரிங். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல எட்கர் வில்சுரும் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து 1954-ல ஆரம்பிச்ச அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி கொண்டுவந்த யோசனை இது. ஊஃபரைத் தொளதொளன்னு தொங்கவிட்டு, உள்ள அடைபட்ட காத்தே அதைத் திருப்பித் தள்ளற மாதிரி செஞ்சாங்க. சின்னப் பெட்டியில ஆழமான பாஸ் வந்தது அப்படித்தான். காத்து கசிஞ்சா அந்த ஸ்பிரிங் போச்சு. எல்லாம் திரும்ப மாட்டினதும் ஊஃபரை ரெண்டு கையாலயும் மெதுவா உள்ள தள்ளி விட்டுப் பாருங்க. மெல்ல வெளிய வந்தா பெட்டி இறுக்கமா இருக்கு. டப்புன்னு வந்தா எங்கயோ கசியுது. முன்னாடியோ பின்னாடியோ குழாய் வெச்ச பெட்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கழட்டின ஊஃபரை வேற ரூம்ல வைங்க. அதோட காந்தம் இரும்புத்தூள் எங்க இருந்தாலும் இழுத்துக்கும்.

பிளாஸ்டிக் தாளை உரிக்க ஹேர் டிரையர் போதும். சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து மெதுவா இழுத்தா நீளநீளமா வரும். அடியில ஒட்டியிருக்கற பசையை தின்னர் போட்டுத் துடைச்சு எடுத்தே ஆகணும். உப்பிப்போன மூலைதான் பெரிய தலைவலி. பார்ட்டிகிள் போர்டுங்கறது மரத்தூளைப் பசையில அழுத்தின பலகை. ஒரு தடவை ஊதிப்போனா திரும்பச் சுருங்காது. உதிர்ற பாகத்தை உளியால எடுத்துட்டு, மிச்சத்துல ஃபெவிக்விக் சொட்டுச்சொட்டா ஊத்தி இறுகவிட்டேன். அதுமேல மரப்பட்டி வெச்சு, காய்ஞ்சதும் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120. விரலை ஓட்டிப் பாருங்க, கண்ணை நம்பாதீங்க. கண்ணுக்குத் தெரியாத மேடும் வெனீர் ஒட்டினதும் தெரியும்.

இங்கதான் என் முதல் தப்பு. உற்சாகத்துல முதல் பெட்டியோட பின்பக்கத்தையும் சேர்த்துத் தேய்ச்சுட்டேன். பின்பக்கத்துக்கு வெனீர் தேவையே இல்ல, சுவரைப் பார்த்து நிக்கப்போற பலகை. ரெண்டாவது பெட்டியைத் திருப்பினப்போதான் பார்த்தேன். நீல நிற பால் பாயின்ட் பேனாவுல அப்பா கையெழுத்து. தேதி, கீழ 4,200 ரூபாய். எங்க அப்பா மிக்ஸி, ஃபேன், சுவர்க் கடிகாரம், எது வாங்கினாலும் பின்னாடி தேதியும் விலையும் எழுதுவார். முதல் பெட்டியிலயும் அது இருந்திருக்கும். இப்போ அது குப்பைக்கூடையில தூளா கிடக்கு. அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட அதைச் சொல்லல.

ரெண்டாவது தப்பு பசையில. பிளைவுட் கடையில கேட்டா ரப்பர் பசைதான் கொடுப்பாங்க. ரெண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, வெச்சு அமுக்கினா ஒட்டிக்கும். ஆனா தொட்ட இடத்துல தொட்டதுதான், நகர்த்தவே முடியாது. நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா உருவித்தான் ஒட்டணும். ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க. பக்கத்துல அடுப்பு, சாமி விளக்கு எதுவும் எரியக்கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும். இவ்வளவும் சரியா செஞ்சேன். மேல தின்னர் கலந்த லாக்கர் அடிச்சேன். ஒரே வாரத்துல மேல்பலகை முழுக்கக் கொப்புளம். தின்னர் வெனீரோட நுண்துளை வழியா இறங்கி, கீழ இருந்த ரப்பர் பசையை இளக்கிடுச்சு. மொத்தத்தையும் அயர்ன் பாக்ஸால சூடாக்கி உரிச்சேன்.

அப்புறம் பசையை மாத்தினேன். நாம ஸ்கூல்ல பார்த்த வெள்ளை ஃபெவிகால்தான். அது காய்ஞ்ச பிறகும் சூடு பட்டா இளகும், ஆறினா திரும்ப இறுகும். இந்த ஒரு குணத்தை வெச்சுத்தான் மொத்த வேலையும். பலகையிலயும் வெனீர் அடிப்பக்கத்துலயும் மெல்லிசா, இடைவெளி இல்லாம தடவுங்க. ஓரத்துல மட்டும் ரெண்டு கை. ஈரம் பட்டதும் வெனீர் அப்பளம் மாதிரி சுருளும், பயப்படாதீங்க. மேல்பக்கம் லேசா தண்ணி தெளிச்சா நிமிரும். தொட்டா ஒட்டாத அளவுக்குக் காயணும். எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அதுவும் மே மாசத்துல. ஐப்பசி மழைக்காலத்துல இந்த வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. மரம் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு, ரேகைக்குக் குறுக்கா அகலும். நீங்க ஒட்டி முடிச்சப்புறம் வெயில்ல சுருங்கும். சுருங்கினா வெடிக்கும்.

வெனீரை நாலு பக்கமும் அரை இஞ்ச் அதிகமா வெட்டியிருக்கணும். பெட்டிமேல வெச்சு, மேல ஒரு பிரவுன் பேப்பர் போட்டு, நீராவி இல்லாத மிதமான சூட்டுல அயர்ன் பாக்ஸை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு மெதுவா நகர்த்துங்க. பின்னாடியே ஒரு மரக்கட்டையால, ஆறுற வரைக்கும் அழுத்துங்க. சட்டை தேய்க்கற வேகத்துல தேய்ச்சா ஒட்டாது. முடிஞ்சதும் நகத்தால தட்டிப் பாருங்க. தேங்காய் தட்டற மாதிரிதான். சத்தம் வேற மாதிரி வந்தா அந்த இடத்துல ஒட்டல. திரும்பச் சூடு காட்டி அழுத்தினா போதும். ரப்பர் பசையில இந்த மன்னிப்பு கிடைக்காது.

ஓரத்தை வெட்ட புது பிளேடு. ரேகைக்குக் குறுக்கா வெட்டற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு வெட்டினா பிசிறு கிளம்பாது. ஒரே இழுப்புல வெட்டப் பார்க்காதீங்க, மூணு நாலு தடவை லேசா கீறுங்க. ரேகை எந்தப் பக்கம் ஓடணும்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. நான் ஒரே நீளத் தாள்ல இடது பக்கம், மேல்பலகை, வலது பக்கம்னு அடுத்தடுத்து வெட்டினேன். அதனால ரேகை பெட்டியைச் சுத்தி இறங்கற மாதிரி இருக்கும். முன்பலகைக்கு வெனீர் போடல, மேட் கறுப்பு பெயின்ட் அடிச்சேன். ட்வீட்டர் ஓட்டையைச் சுத்தி வெட்டற பொறுமை எனக்குக் கிடையாது.

கடைசித் தேய்ப்பு கையால மட்டும், 180, அப்புறம் 240, ரேகை ஓடற திசையில. மெஷின் வேண்டவே வேண்டாம். அரை மில்லிமீட்டர் கண் சிமிட்டற நேரத்துல போயிடும், அடியில பலகை பல்லிளிக்கும். பூச்சுக்கு லாக்கரை விட்டுட்டு, மரத்துக்குன்னு விக்கற ஆளிவிதை எண்ணெய்க்கு மாறினேன். துணியில தொட்டுத் தடவி, கால் மணி நேரம் கழிச்சு மிச்சத்தைத் துடைச்சு எடுக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு கை. முக்கியமான ஒண்ணு, அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில போட்டுடாதீங்க. காயும்போது அது தானா சூடாகும். சுருண்டு கிடந்தா தீப்பிடிக்கும். விரிச்சுக் கொடியில காயப்போட்டு, விறைச்சதும் போடுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டையும் ஹால்ல வெச்சு ஒயர் மாட்டினேன். அப்பா வந்து மேல்பலகையைத் தடவிப் பார்த்தார். "தேக்கா?"ன்னார். "ஆமாப்பா, தாளு." அப்புறம் நேரா பின்பக்கம் போனார். முதல் பெட்டியைத்தான் பார்த்தார். நான் சொல்லிட்டேன், "தெரியாம தேய்ச்சுட்டேம்ப்பா."

"எவ்ளோ ஆச்சு இதுக்கெல்லாம்?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு சொச்சம். உரிச்சுப் போட்டதையும் சேர்த்து."

சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்தார். மூட்டு வலியோட மெல்லக் குனிஞ்சு, அன்னிக்குத் தேதியை எழுதி, அதுக்குக் கீழ 2,800-ன்னு போட்டார்.