ஏரிக்கரையில் நிரம்பாத அறைகள்

சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ என்றதும் இசைப்பிரியர்களுக்கு நினைவில் வருவது ஜூலை மாத ஜாஸ் விழா. ஜெனீவா ஏரியின் கிழக்குக் கோடியில், மலைச்சரிவை ஒட்டி நீளும் இந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 26,000. விழா நடக்கும் இரண்டு வாரச் சொச்சத்தில் வந்துபோகிறவர்களோ இரண்டரை லட்சம் பேர் அளவில். இத்தனை சிறிய ஊருக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்டால், சுற்றுலாக் கையேடுகள் ஏரியையும் அதன் பின்னால் நிற்கும் ஆல்ப்ஸ் சிகரங்களையும் காட்டும். ஆனால் அதே ஏரி பக்கத்து ஊரான வெவேக்கும் இருக்கிறது; எதிர்க்கரையில் பிரான்சின் எவியானுக்கும் இருக்கிறது. அங்கெல்லாம் கிடைக்காத பெயர் இங்கே மட்டும் கிடைத்ததற்கு அழகைக் காரணமாகச் சொல்ல முடியாது. மோன்த்ரோவை இசையின் பக்கம் தள்ளியது அதன் ஹோட்டல்களில் ஆள் இல்லாமல் கிடந்த அறைகள்தான். கேட்க விசித்திரமாக இருக்கும். ஊரின் வரலாறு அதையே சொல்கிறது.

1761இல் வெளியான ரூசோவின் நாவல் ஒன்று இந்தக் கரையைக் கதைக்களமாக்கியது. 1816இல் கவிஞர் பைரன் வந்து, ஊருக்கு அருகே நீரில் கால்வைத்து நிற்கும் ஷியோன் கோட்டையைப் பாடினார். படித்தவர்கள் பார்க்க வந்தார்கள். 1861இல் ரயில் வந்ததும் பணக்காரர்கள் தங்க வந்தார்கள். ஆங்கிலேயரும் ரஷ்யப் பிரபுக்களும் மாதக்கணக்கில் முகாமிட்டார்கள். மலைமேலே 1902இல் கோ பேலஸ், கரையில் 1906இல் மோன்த்ரோ பேலஸ் என்று மாளிகை மாளிகையாக எழும்பின. 1914இல் போர் மூண்டதும் இந்தக் கூட்டம் ஒரேயடியாக நின்றுபோனது. ரஷ்யப் பிரபுக்கள் புரட்சிக்குப் பின் திரும்பவே இல்லை. ஹோட்டல்கள் பள்ளிகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. கோ பேலஸ் 1946இல் ஓர் அறநெறி இயக்கத்தின் கைக்குப் போய் மாநாட்டு மையமானது. மிஞ்சியவற்றில் படுக்கையும் சமையல்காரரும் பரிசாரகரும் சூதாட்ட விடுதியின் அரங்கமும் இருந்தன. வருகிறவர்தான் இல்லை. வந்தாலும் நடுக்கோடையில் சில வாரங்கள், பிறகு கதவடைப்பு.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஊர் நிகழ்ச்சிகளைத் தேடியது. 1946இல் செப்டம்பர் மாதத்துக்கென்று செவ்வியல் இசை விழா ஒன்று தொடங்கியது. கோடை முடிந்த பிறகும் அறைகள் நிரம்ப வேண்டும் என்றால் செப்டம்பரைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது. 1961இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான தங்க ரோஜா விழா வந்தது. அந்தச் சமயத்தில் ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர், சமையல்காரராகப் பயின்ற க்ளோத் நோப்ஸ். 1964இல், இங்கிலாந்துக்கு வெளியே பெரிதாக அறியப்படாதிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை அந்தத் தொலைக்காட்சி விழாவையொட்டி மோன்த்ரோவுக்கு அழைத்துவந்தார். 1967இல் பியானோ கலைஞர் ழேயோ வுமார், பத்திரிகையாளர் ரெனே லாங்கெல் ஆகியோருடன் சேர்ந்து சூதாட்ட விடுதி அரங்கத்தில் மூன்று நாள் ஜாஸ் விழாவைத் தொடங்கினார். கையிருப்பு 10,000 பிராங்க். உலகப் புகழ்பெற்ற இந்த விழாவின் பிறப்பிடம் ஒரு சுற்றுலா அலுவலக மேசை என்பதைக் கலைத் தூய்மை பேசுகிறவர்கள் கொஞ்சம் சங்கடத்தோடுதான் ஒப்புக்கொள்வார்கள்.

காலி அறை எவ்வளவு உதவியது என்பதற்கு 1971 டிசம்பரைவிடத் தெளிவான சான்று இல்லை. 4ஆம் தேதி ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரியில் யாரோ ஒருவர் சுடர்த்துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, அரங்கம் முழுவதும் எரிந்துபோனது, உயிர்ச்சேதம் இல்லை. அங்கேயே ஆல்பம் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவுக்கு இடமில்லாமல் போயிற்று. குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழிகளில் கருவிகளை அடுக்கி அவர்கள் பதிவை முடித்தார்கள். ஏரிமேல் பரவிய அந்தத் தீயின் புகையைப் பற்றிய ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ அப்போது பிறந்தது. சுறுசுறுப்பான பெருநகரத்தில் டிசம்பர் மாதம் ஒரு முழு ஹோட்டலை வாடகைக்குப் பிடிக்க முடியுமா?

ஆள் வந்தால் போதுமா, வந்த பெயர் தங்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. நேரடி நிகழ்ச்சி விளக்கணைந்ததும் முடிந்துவிடும் சரக்கு. நோப்ஸின் பெரிய கெட்டிக்காரத்தனம் தொடக்கத்திலிருந்தே கச்சேரிகளைப் பதிவுசெய்து வைத்ததில் இருந்தது. 1968இல் பில் எவன்ஸ் இங்கே வாசித்ததன் பதிவு கிராமி விருது பெற்றது. 1969இல் லெஸ் மெக்கானும் எடி ஹாரிஸும் வாசித்தது ‘ஸ்விஸ் மூவ்மென்ட்’ என்ற பெயரில் உலகமெங்கும் விற்றது. உறையில் ஊர்ப்பெயர் அச்சான ஒவ்வொரு இசைத்தட்டும் கூலியில்லாத விளம்பரம். 1976இல் ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழு வாசித்தபோது எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் அந்தப் பதிவுப் பெட்டகத்தில் சேர்ந்தன, இன்றும் கேட்கலாம். 5,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பதிவுத் தொகுப்பை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நோப்ஸ் அதே ஆண்டு ஜனவரியில் இறந்தார், விழா நிற்கவில்லை. ஒரு தனிமனிதரின் உற்சாகத்தில் ஓடும் விழாக்கள் அவரோடு போய்விடுவதுதான் வழக்கம். இங்கே அந்தப் பெட்டகமும் விழாவுக்கென்று ஓர் அறக்கட்டளையும் இருந்தன.

இந்த வெற்றிக் கதைக்கு மறுப்புகள் உண்டு. ஜாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு ராக்கும் பாப்பும் நடத்துகிறார்கள் என்பது பழைய புகார். உண்மைதான், 1970களிலேயே அந்த எல்லை தளர்ந்துவிட்டது. சுற்றுலாவுக்காகத் தொடங்கிய விழா கூட்டம் இருக்கும் திசைக்கு நகர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் 1991இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு குவின்சி ஜோன்ஸின் தலைமையில் தன் பழைய இசையை மறுபடி வாசித்ததும் இதே மேடையில்தான். பெரிய அரங்கத்தின் டிக்கெட் விலை உள்ளூர்க்காரரைத் துரத்துகிறது என்பது கனமான புகார். கரையோரத்து இலவசக் கச்சேரிகள் அதை ஓரளவு ஈடுகட்டுகின்றன, முழுதாக இல்லை. விழா நாட்களில் அறை வாடகை ஏறுவதை எந்த இலவச மேடையும் சரிசெய்யாது.

சுவிட்சர்லாந்து பணக்கார நாடு, அங்கே எதைத் தொட்டாலும் துலங்கும் என்பது மூன்றாவது வாதம். அப்படியானால் தங்க ரோஜா விழா ஏன் 2004இல் லூசெர்னுக்கு இடம்பெயர்ந்தது? அதே ஊர், அதே பணம், நாற்பது ஆண்டுப் பழக்கம். தொலைக்காட்சிக்காரர்களின் விழா அது; ஊர் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். வேறொரு ஊர் அழைத்ததும் போய்விட்டது. ஜாஸ் விழாவைத் தொடங்கியவர் உள்ளூர்க்காரர், அதன் பதிவுகள் இங்கே சேர்ந்தன, மலைமேல் கோ என்ற இடத்தில் நோப்ஸின் வீட்டில் விருந்துண்ட இசைக்கலைஞர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதை மூட்டை கட்டி எடுத்துப்போவது கடினம்.

இரண்டு வாரக் கொண்டாட்டத்தால் ஓர் ஊர் ஆண்டு முழுவதும் பிழைக்குமா என்பதும் நியாயமான சந்தேகம். பிழைக்காது. அதனால்தான் நகைச்சுவை விழாவும் கிறிஸ்துமஸ் சந்தையும் டிசம்பரைப் பிடித்துக்கொண்டன. 1979இல் குவீன் குழு வாங்கிய ஒலிப்பதிவுக்கூடம் இருந்த இடம் இப்போது காட்சிக்கூடம், 1996இல் வைத்த ஃப்ரெடி மெர்குரி சிலையின் முன்னால் எந்தப் பருவத்திலும் யாராவது படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். விழா நடந்துவந்த மாநாட்டு மையத்தைப் புதுப்பிக்க மூடியதால் 2024இல் விழாவின் பெரிய மேடையை ஏரிமேலேயே அமைத்தார்கள். அத்தனை ஆண்டுகளாக விளம்பரத்தில் மட்டும் முன்னால் நின்ற ஏரி, அரங்கம் கிடைக்காத நெருக்கடியில்தான் நிகழ்ச்சியின் பக்கத்தில் வந்து சேர்ந்தது.