மாதிரித் தொடருந்து அமைப்புகளில் சிறுவிளக்குகள்

மாதிரித் தொடருந்து அமைப்பு என்பது தொடருந்து, இருப்புப்பாதை, நிலையம், அவற்றைச் சூழ்ந்த ஊர் ஆகியவற்றை ஒரு குறித்த அளவு விகிதத்தில் சிறிதாக்கி, இயங்கும்படி மேசைமேல் அமைப்பதாகும். இதன் நிலைய மேடை, தெரு, வீடு, கைகாட்டி முதலிய இடங்களில் பொருத்தப்படும் நுண்ணிய மின்விளக்குகள் சிறுவிளக்குகள் எனப்படுகின்றன. விளக்கு சிறியது என்பதால் அதற்கு வரும் மின்சாரமும் தீங்கற்றது என்று கருதுதல் தவறு. இடர் விளக்கின் உருவத்தில் இல்லை. அது மின்சாரம் பெறும் மூலத்தில் உள்ளது.

இத்தகைய அமைப்புகளுள் செருமனியின் ஆம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் பெயர் பெற்றது. அங்குப் பகலும் இரவும் சில நிமிடங்களில் மாறி மாறி வருவதால் விளக்குகளே காட்சியின் உயிர் எனலாம். இந்தியாவில் புனே நகரின் கோத்ருட் பகுதியில் 1998 முதல் சோசி சிறுதொடருந்து அருங்காட்சியகம் உள்ளது. பள்ளிக் கண்காட்சிகளுக்காகத் தெர்மாகோலிலும் அட்டையிலும் மாணவர் செய்யும் சிறிய அமைப்புகளுக்கும் இதே மின்னியல் பொருந்தும்.

விளக்கு வகைகள்

பழைய அமைப்புகளில் இழைக்குமிழ்கள் பயன்பட்டன. இவற்றைப் பருமனுக்கேற்பக் கோதுமைமணி விளக்கு, அரிசிமணி விளக்கு என்று ஆர்வலர் அழைப்பர். 12 வோல்ட்டு கோதுமைமணி விளக்கு ஏறத்தாழ 50 முதல் 80 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் எடுக்கும். அதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுவதால், தெர்மாகோல் சுவரை ஒட்டி வைத்தால் சுவர் உருகும். குறித்த மின்னழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு மட்டும் கொடுத்தால் ஒளி சற்று மங்கும். ஆனால் குமிழின் ஆயுள் பத்து மடங்கிற்கு மேல் நீளும்.

இன்று இவ்விடத்தை எல்.ஈ.டி எனப் பரவலாக அறியப்படும் ஒளியுமிழ் இருமுனையம் பிடித்துள்ளது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை கைகாட்டிகளுக்கும் வீடுகளுக்கும் ஏற்றவை. 1.6 × 0.8 மில்லிமீட்டர் அளவே உள்ள பரப்பொட்டு வகையைத் தெருவிளக்கின் முனையில் மறைத்துவிடலாம். நிறத்தைக் காலத்திற்கேற்பத் தேர்வது நன்று. நீராவி எந்திரம் ஓடும் காட்சிக்கு 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் சார்ந்த ஒளியும், குழல்விளக்குக் கால நிலையத்திற்கு 6500 கெல்வின் வெண்ணொளியும் பொருந்தும். இரண்டையும் ஒரே மேடையில் கலந்தால் கண்ணை உறுத்தும்.

மின்தடையம் கணித்தல்

ஒளியுமிழ் இருமுனையம் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தாது. ஆகவே ஒவ்வொன்றுடனும் ஒரு மின்தடையத்தைத் தொடராக இணைத்தல் வேண்டும். வெள்ளை வகைக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டு தேவை. 12 வோல்ட்டு மூலத்தில் எஞ்சும் 9 வோல்ட்டை 1000 ஓம் தடையம் ஏற்றால் 9 மில்லியாம்பியர் பாயும். தடையத்தில் வீணாவது 0.08 வாட்டு என்பதால் கால் வாட்டுத் தடையம் போதும். மேசைக்காட்சிக்கு இவ்வொளியே மிகை; பலர் 4700 ஓம் வரை கூட்டுகின்றனர். மாறுதிசை மின்சாரத்தில் இணைப்பதாயின், எதிர்த்திசை மின்னழுத்தம் விளக்கைக் கெடுக்காதிருக்க ஓர் இருமுனையத்தைச் சேர்த்தல் வேண்டும்.

சீரியல் செட்டின் இடர்

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் எளிதில் கிடைப்பது திருவிழாவிற்குக் கட்டும் சீரியல் செட். அதை வெட்டி மாதிரி வீடுகளில் செருகுவது மாணவரிடையே வழக்கம். இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டியது. பழைய வகையில் ஆறு வோல்ட்டுக் குமிழ்கள் 38 அளவில் தொடராக இணைக்கப்பட்டு, நேரே 230 வோல்ட்டு வீட்டு மின்சாரத்தில் செருகப்படும். ஒரு குமிழின் இரு முனைகளுக்கு இடையே ஆறு வோல்ட்டு மட்டுமே இருப்பினும், சுற்று முழுவதும் வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்பில் உள்ளது. ஒரு குமிழைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடும். மின்சாரம் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் அந்த வெற்றுக் குழியின் இரு முனைகளுக்கு இடையே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். கெட்ட குமிழைத் தேடி விரல் வைப்பதும் அந்த நேரத்தில்தான். மேலும், 38 குமிழ்களில் 20 மட்டும் எடுத்துக் கட்டினால் ஒவ்வொன்றிலும் 11 வோல்ட்டிற்கு மேல் விழும். அவை கடுஞ்சூடாகி எரிந்துபோகும். மின்மாற்றியின்றி மின்தேக்கி கொண்டு அமைந்த மலிவான எல்.ஈ.டி சரங்களுக்கும் தொடுமின் இடர் உண்டு.

ஆகவே தனிமைப்படுத்தும் மின்மாற்றி கொண்ட 12 வோல்ட்டுத் தகவியையோ மின்கலத்தையோ பயன்படுத்துதல் வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் பதிவுக் குறியுள்ள தகவியை வாங்குவது நல்லது. தொடருந்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்தே விளக்கிற்கும் எடுத்தால், வண்டி நிற்கும்போது ஊரும் இருளும். எனவே விளக்கிற்குத் தனி மூலம் தேவை.

எடுத்துக்காட்டு: ஏரிக்கரை ஊர்

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே சென்னை–கூடூர் இருப்புப்பாதை கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியே செல்கிறது. இதில் ஒரு சிறு நிலையத்தையும், கீழ்த்திசையில் சுண்ணாம்புக்குளம் போன்றதொரு மீனவ ஊரையும் 1:87 விகிதத்தில் அமைப்பதாகக் கொள்வோம். ஆறு மீட்டர் உயர விளக்குக்கம்பம் இங்கு 69 மில்லிமீட்டர் ஆகும். மேடைக்கு 12, கைகாட்டிகளுக்கு 4, தெருவுக்கு 6, வீடுகளுக்கு 8 என 30 விளக்குகள் போதும். நீர்ப்பரப்பை இருளாக விட்டு, ஒரு படகில் மட்டும் ஒரு புள்ளி ஒளி வைத்தால் ஏரியின் அகலம் தானே தெரியும். வீட்டுச் சுவர்களின் உட்புறம் கறுப்பு வண்ணம் பூசாவிடில் சுவரே ஒளிரும்.

முப்பது விளக்குகளும் சேர்ந்து எடுப்பது 270 மில்லியாம்பியர். தகவியோ 5 ஆம்பியர் தரவல்லதாக இருக்கலாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அந்த 5 ஆம்பியரும் மயிரிழை போன்ற விளக்குக் கம்பியில் பாய்ந்து அதைச் செஞ்சூடாக்கும். 12 வோல்ட்டு ஆளைத் தாக்காவிடினும் அட்டையைக் கொளுத்தும். இதைத் தடுக்கத் தகவியை அடுத்து 500 மில்லியாம்பியர் உருகி ஒன்று அமைதல் வேண்டும். பலகையின் அடியில் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டைச் சிவப்பு, கறுப்பு நிறங்களில் முதன்மைத் தடங்களாக ஓட்டி, விளக்குகளை அவற்றில் பக்க இணைப்பாகப் பற்றவைக்கலாம்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று செம்பை விரைவில் பச்சை பிடிக்கச் செய்யும். முறுக்கி மட்டும் விட்ட இணைப்பில் தடை மிகுந்து, விளக்கு மினுக்கத் தொடங்கும். அங்கு எல்லா இணைப்புகளையும் ஈயப்பற்றிட்டு, வெப்பத்தால் சுருங்கும் உறையால் மூடுதல் வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தகவியைக் கழற்றி வைத்துவிட்டு, உருகியின் பிடிப்பானையும் முனைகளையும் ஒருமுறை துடைத்துப் பார்ப்பது போதுமானது.