சிறுவர் கூட்டு வியாபாரமும் பழவேற்காட்டுப் பாடும்

பள்ளி விடுமுறை விட்டதும் மூன்று நான்கு சிநேகிதர்கள் கூடி ஒரு சில்லறை வியாபாரம் தொடங்குவது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கமே. வேர்க்கடலை வறுத்து விற்பார்கள். பட்டம் ஒட்டி விற்பார்கள். திருவிழாவில் மோர்ப்பானை வைப்பார்கள். பெரும்பாலும் இக்கூட்டுகள் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. சரக்கு விற்காமல் முறிவதைவிட, விற்றபின் பங்கு பிரிக்கையில் முறிவதே அதிகம். நம் சங்கங்களில் பெரியவர்களிடையே நேரும் பிணக்குகளும் இவ்விடத்திலேயே முளைக்கின்றன என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகவே இதனை விளையாட்டுக் காரியமென்று தள்ளிவிடலாகாது.

இவ்விஷயத்தில் நாம் உற்று நோக்கத்தக்க இடம் பழவேற்காடு. இப்பெயர் நெசவாளர்களுக்கு அந்நியமன்று. இங்கிருந்து கப்பலேறிய துணிகளின் நினைவாக, மலாய் மக்கள் கட்டங்கள் போட்ட லுங்கியை இன்றும் 'காயின் பெலெக்காட்' என்றே வழங்குகின்றனர். ஆனால் நாம் இங்குக் கருதுவது துணியையன்று, ஏரியையே.

கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தின் வழியே இறால் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. ஏரியில் வளர்ந்து மீண்டும் கடலை நாடுகின்றன. எனவே இறால் மிகுதியாகப் படும் இடங்கள் சில. வலை கட்ட விரும்புவோர் பலர். வலுத்தவன் முந்திக்கொண்டால் நாள்தோறும் அடிதடிதான். இதனைத் தவிர்க்கவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊரார் 'பாடு' என்னும் முறையைக் கைக்கொண்டனர். யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பது முறைவைத்து முன்னதாகவே வகுக்கப்படும். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை வேறிடம் போவான். இதன் நுட்பம் 'முன்னதாகவே' என்ற சொல்லில் இருக்கிறது. மீன் கூடையில் விழுந்தபின் பேசும் நியாயம் வேறு, வலை நனையுமுன் பேசும் நியாயம் வேறு.

பாட்டு முறைக்குக் குறைகளும் உண்டு; அவற்றை மறைப்பது முறையாகாது. பாட்டுரிமை இல்லாத குப்பத்தாருக்கும் உரிமையுள்ளோருக்கும் நெடுங்காலமாக வழக்கு இருந்து வருகிறது. பாட்டுரிமை ஆடவர் வழியிலேயே நடந்துவந்துள்ளது. பெண்களுக்கு அதில் இடமில்லை. உள்ளே இருப்போருக்கு நியாயமான கதவு வெளியே நிற்போருக்கு மூடிய கதவாகவும் இருக்கலாம்.

இனி நம் சிறுவர்களுக்கு வருவோம். மீனவர் மகனாய்ப் பிறவாவிடினும் கடற்கரையூரில் பிறந்து சிறு வயதிலேயே சம்பாதித்தவர் ஒருவரை நாடறியும். 1939-இல் உலக யுத்தம் மூண்டபோது அப்துல் கலாம் இராமேசுவரத்தில் ஏறக்குறைய எட்டு வயதுச் சிறுவர். அக்காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. அவற்றைப் பொறுக்கி மளிகைக் கடையில் போட்டால் ஒரு நாள் சேகரிப்புக்கு ஓரணா கிடைத்தது. கிராக்கியின் காரணம் தமக்கு விளங்கவில்லை என்று தம் சுயசரிதையில் அவர் கூறுகிறார். புளியங்கொட்டை மாவு பாவுக்குப் பசையிட உதவும் என்பதை அறிந்த நம் அங்கத்தினர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நின்றுபோகவே, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிப்பதில் உறவினர் சம்சுதீனுக்குத் துணைநின்று தம் முதல் ஊதியத்தைப் பெற்றார். அரைநூற்றாண்டுக்குப் பின்னும் அதைப் பெருமையுடன் நினைவுகூர்ந்தார். உறவுக்குள் செய்த உதவிக்கும் ஊதியம் உண்டு என்று அங்கே தெளிவாக இருந்தது.

பழவேற்காட்டில் பனையோலையில் பெட்டி முதலிய பொருள்கள் முடைவது பெண்கள் கைத்தொழில். ஒரு பேச்சுக்கு, ஒரு சிறுமியும் மூன்று சிறுவர்களும் ஆளுக்கு 25 ரூபாய் போட்டு, 100 ரூபாய்க்கு ஓலையும் சாயமும் வாங்குவதாகக் கொள்வோம். சிறுமி முடைகிறாள், ஞாயிறன்று ஏரி காண வருவோரிடம் இருவர் விற்கின்றனர், ஒருவன் கணக்கு வைக்கிறான். வரவு 220 ரூபாய். முதல் போக மிஞ்சிய 120-ஐ நான்காகப் பிரித்து ஆளுக்கு 30 என்றால் பார்வைக்கு நியாயம். ஆனால் மாலைதோறும் ஓலையில் விரல் கீறிக்கொண்டவளுக்கு அநியாயம். அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். கூட்டு அத்துடன் முடிந்தது.

முதலில் கூலியை எழுதவேண்டும். முடைந்தவளுக்கு 50, விற்ற இருவருக்கும் இருபது இருபதாக 40, சேமநிதிக்கு 10. மிச்சம் 20; ஆளுக்கு 5 ரூபாய் இலாபம். இத்தனை சிறிதா என்று பிள்ளைகள் திகைப்பார்கள். திகைக்கட்டும், இலாபம் என்பது எது என்று அன்றுதான் தெரியும்.

சட்டத்தையும் பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தல் குற்றம். பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. பள்ளியை விழுங்கும் வியாபாரம் எத்தனை இலாபம் தந்தாலும் வேண்டாம். மேலும், 18 வயது நிரம்பாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆகையால் சிறுவர் கூட்டு கைமுதலில் நடக்கட்டும், கடன் கூடாது.

கணக்கு வைத்தவனுக்குக் கூலி எழுதவில்லையே என்று வாசகர் கேட்கலாம். அவனும் கேட்பான். அதற்குத்தான் பாட்டு முறை. கணக்கு நோட்டு வாரம் ஒருவர் கையில் இருக்கட்டும். வெயிலில் நின்று விற்பதும் அவ்வாறே முறைவைத்து மாறட்டும். எவர் எவ்வாரம் என்பதை ஓலை வாங்குவதற்கு முன்பே சீட்டெடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். முடைவதை மட்டும் அவ்வாறு மாற்ற இயலாது. மற்ற மூவரும் அவளிடம் அமர்ந்து அத்தொழிலைக் கற்றுக்கொள்ளும்வரை அந்த 50 ரூபாய் அவளுடையதே.