கர்ப்பிணியின் நெஞ்செரிச்சல்: அலட்சியம் வேண்டாம்

கர்ப்பிணிப் பெண் நெஞ்சு எரிகிறது என்றால், "பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே நடப்பது என்ன? கர்ப்ப காலத்தில் அதிகம் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன், இரைப்பையின் மேல்வாயை மூடும் தசையைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பையும் இரைப்பையை அழுத்துகிறது. அமிலம் மேலே ஏறுகிறது.

சிறிது சிறிதாக உண்பதும், உண்டபின் 2, 3 மணி நேரம் படுக்காமல் இருப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்தி இடப்பக்கமாகப் படுப்பதும் பலன் தரும். ஸஹர் உண்டு சற்று நேரத்தில் உறங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். நோன்பால் தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ஆன்டாசிட் மருந்தை மருத்துவரிடம் கேட்டே கொடுப்போம். அதற்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் 2 மணி நேர இடைவெளி தேவை.

பிரசவத்துக்குப் பின் இந்த எரிச்சல் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். நீடித்தால், வலிநிவாரணி மாத்திரைகளும் காரணமாகலாம்.

ஆனால் 20 வாரங்களுக்குப் பின் விலா எலும்புக்குக் கீழே கடும் வலி, விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் 'கேஸ்' என்று ஒதுக்கக் கூடாது. தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான இரத்த அழுத்த நோயின் அறிகுறியாக அது இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் 6 வாரங்கள் வரையிலும் வரலாம். சீரகத் தண்ணீர் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.