மீட்டர் சொல்வதெல்லாம் உண்மையா?

ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவுடன் எல்லோரும் ஆன்டெனா கட்ட இணையத்தில்தான் யோசனை தேடுகிறோம். அங்கே நான் அடிக்கடி பார்ப்பது இது: "எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 2-க்குக் கீழே காட்டினால் ஆன்டெனா பிரமாதம்." அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ரேடியோ அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்தே அந்த மீட்டர் கணக்கிடுகிறது. திரும்பாத சக்தி காற்றில்தான் பரவியது என்று யார் சொன்னது? வழியிலேயே வெப்பமாகியும் இருக்கலாம்.

உதாரணமாக, 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்தியை விழுங்கிவிடும். மறுமுனையில் ஆன்டெனாவே இல்லை என்று வையுங்கள். மிஞ்சிய கால் பங்கு திரும்பும். திரும்பும் வழியிலும் முக்கால் பங்கு போகும். மீட்டருக்கு வந்து சேர்வது 16-ல் ஒரு பங்குதான். மீட்டர் காட்டுவது சுமார் 1.7! இதை நம்பி, யாரும் பதில் தரவில்லையே என்று புது ரேடியோ வாங்குபவர்களும் உண்டு.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். 4நெக்2 என்ற இலவச மென்பொருளில் 14.2 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் நீள டைபோலை வரையுங்கள். தரையிலிருந்து 3 மீட்டரில் வைத்தால் சக்தி பெரும்பாலும் நேர் மேலே போகிறது. 10 மீட்டருக்கு உயர்த்துங்கள், அடிவானத்தை நோக்கிச் சாய்கிறது. தொலைதூரத் தொடர்புக்கு இதுதான் வேண்டும்.

தெருவில் மின்கம்பி எங்கே போகிறது என்பது மட்டும் மென்பொருளுக்குத் தெரியாது. அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.