போன மின்சாரம் திரும்பி வர ஏன் தாமதமாகிறது?

கரண்ட் போனதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எப்ப வரும்?" என்பதுதான். தெருவில் ஒரு கம்பி அறுந்தால் சரிசெய்து ஸ்விட்சைப் போட்டுவிடலாம். ஒரு நாடே இருண்டுவிட்டால் அப்படிப் போடுவதற்கு ஒரு ஸ்விட்ச் கிடையாது.

2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரேயடியாக மின்சாரத்தை இழந்தன. ரயில்கள் நடுவழியில் நின்றன. போக்குவரத்து சிக்னல்கள் அணைந்தன.

அனல், எரிவாயு மின் நிலையங்கள் ஓடத் தொடங்கவே பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். எனவே தானாகவே எழுந்திருக்கும் வசதியுள்ள சில நிலையங்களைத்தான் முதலில் இயக்குகிறார்கள். நீர்மின் நிலையங்கள் இதற்கு ஏற்றவை. அணையில் தண்ணீர் தயாராக நிற்கிறது. அதைத் திறந்துவிட பேட்டரியோ சிறிய டீசல் ஜெனரேட்டரோ போதும். போர்ச்சுகல் ஒரு நீர்மின் நிலையத்தையும் ஓர் எரிவாயு நிலையத்தையும் வைத்து இப்படித்தான் தொடங்கியது. ஸ்பெயினுக்கு பிரான்ஸும், ஜிப்ரால்டர் நீரிணையின் அடியில் செல்லும் கேபிள் வழியாக மொராக்கோவும் கைகொடுத்தன.

அடுத்து, உயிர்பெற்ற சிறு பகுதிகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தால்தான் அலைவெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அவசரப்பட்டு அதிக ஊர்களை இணைத்தால் எல்லாம் மறுபடியும் சரிந்துவிடும். அதனால்தான் இரு நாடுகளிலும் மின்கட்டமைப்பை மீட்க நள்ளிரவு தாண்டியது.

'ஸ்மார்ட் கிரிட்' இதில் என்ன செய்யும்? கம்பித்தடத்தில் உள்ள உணர்கருவிகள் பழுதான இடத்தைக் கண்டுபிடிக்கும். தானியங்கி ஸ்விட்சுகள் அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு வேறு வழியாக மின்சாரம் தரும். அமெரிக்காவின் சட்டனூகா நகரில் இந்த முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. ஆனால் முழுக் கட்டமைப்பும் விழுந்துவிட்டால், எவ்வளவு 'ஸ்மார்ட்' ஆனாலும் படிப்படியாகத்தான் எழுப்ப முடியும். அந்தக் கருவிகளுக்கும் தொலைத்தொடர்புக்கும்கூட பேட்டரி இருப்பு அவசியம்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. மின்சாரம் திரும்பும் நொடியில் எல்லா வீட்டு ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார்களும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வழக்கத்தைவிட அதிக சுமை ஏறும். எனவே:

• கரண்ட் போனதும் இவற்றை அணைத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் போட்டு வைப்போம். வந்த பிறகு சில நிமிடங்கள் பொறுத்து ஒவ்வொன்றாகப் போடுவோம்.

• ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஒருபோதும் ஓடவிடக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நச்சு. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

• ஆக்சிஜன் இயந்திரத்தில் நோயாளி இருக்கும் வீட்டில் மாற்று சிலிண்டர் தயாராக இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் உடனே போய் விசாரிப்போம்.

• உளூவுக்குத் தண்ணீர் தட்டாமல் இருக்க பள்ளிவாசல் தொட்டியை எப்போதும் நிரப்பி வைப்போம்.

இருட்டில் பொறுமை காப்பதும் அண்டை வீட்டாரைக் கவனிப்பதும் நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்தவைதாம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!